படுத்து வளரும் எள்

எனக்குக் கோபம் வந்தால் இடம், ஆள் எதுவும் தெரியாது. சென்ற வருடம் தை அமாவாசையன்று, கடற்கரையில் அத்தனை சனத்துக்கு நடுவில், என் தம்பியைப் பிடித்துக் கத்தினேன். அந்தக் கத்தல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. வருடந்தோறும் தை அமாவாசைக்குக் காரைக்குடியிலிருந்து காரில் கிளம்பி, தேவகோட்டை வழியாகக் கடற்கரைக்குப் போவோம். தம்பி, ஐயர் முன்னால் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பான். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். தொண்டியைத் தாண்டி இருக்கும் ஒரு கடற்கரை அது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நான் ஏற்கெனவே செய்து வைத்தது போதும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மணலில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அன்று திதிக்கு நடுவில் கால் மரத்துப்போய் எழப் பார்த்தாள்; நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கும்போது அவள் கால் மடங்கி மறுபடியும் மணலில் விழுந்தாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏண்டா, ரெண்டு கடை தெறந்து வச்சிருக்க. சிமெண்டும் கம்பியுமா வித்துத் தள்ளுற. பெத்தவ உக்கார ஒரு மேடை கட்டிப் போட ஒனக்கு வழியில்லையா? அப்பா பேருக்கு இன்னிக்கி வரைக்கும் என்னத்தச் செஞ்சிருக்க நீ?"

தம்பி திரும்ப ஐயர் முன்னால் போய் உட்கார்ந்தான். கையில் எள் இருந்தது. ஐயர் அடுத்த வரியைச் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கடமாகப் போய்விட்டது. கூட்டத்தை விட்டு விலகி, மணல் மேட்டு ஓரமாக நடந்தேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். மணலோடு மணலாகப் படுத்துக் கிடந்த ஒரு செடி. தண்டு முழுக்கப் பூனை முடி. இலை சிறியது, தடித்தது; புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. பூ மட்டும் நல்ல ஊதா. குழல் மாதிரி நீண்டு, உதட்டில் இன்னும் கருத்த ஊதாவில் கோடுகள். எள்ளுப் பூவேதான், யாரோ சாயத்தில் முக்கி எடுத்ததுபோல.

எள்தான் என்று முடிவு கட்டினேன். அமாவாசைக்கு அமாவாசை இத்தனை பேர் எள்ளை இறைக்கிறார்களே, நாலு விதை மணலில் விழுந்து முளைத்திருக்கும், கடல் காற்றுக்குச் சாய்ந்து கிடக்கும் என்று நினைத்தேன். இதை வேறு யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கலாம். நான் நினைக்கலாமா? ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். செடியைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பதும், அட்டையில் ஒட்டித் தைப்பதும் என் வேலை. பள்ளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. மாசியில் எள் விதைத்துச் சித்திரையில் அது இடுப்பளவு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். எள் படுக்காது. எனக்கு அது தெரியும். ஆனால் ஐயரும் எள்ளும் பிண்டமும் இருக்கிற இடத்தில் எள் மாதிரி ஒன்றைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி வேறு பக்கம் போகாது. எனக்கும் போகவில்லை.

தை மாதத்தில் வயலில் எள்ளுப் பூ கிடைக்காது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்டலாமே என்று, பூவும் இரண்டு முற்றிய காயும் இருந்த ஒரு கிளையை ஒடித்து, வாழைப்பழம் சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. திதிக்கு இறைத்த எள்ளை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் மகள் என்று தெரிந்தால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பாள். மறுநாள் அதை ஆய்வகத்தில் பீரோவின் மேல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அந்த வாரம் ஏதோ தேர்வு வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து தடவ வேண்டும், தடவவில்லை. மறந்தே போய்விட்டேன்.

தம்பி மறக்கவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் கையில் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தான். நானும் அம்மாவும் ஒரு வீட்டில் இருக்கிறோம். அவன் குடும்பத்தோடு அடுத்த தெருவில் இருக்கிறான். அந்தக் கடற்கரை ஊர்க்காரர்களிடம் பேசி, வாங்க வேண்டிய அனுமதி எல்லாம் வாங்கி, கொத்தனாரும் பிடித்துவிட்டானாம். திதி கொடுக்க வருகிறவர்கள் உட்காரச் சிமெண்ட் மேடை. பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஓரத்தில் கம்பி. தரைக்கு, எங்கள் பக்கத்து வீடுகளில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்.

"கடக்கரையிலயாடா ஆத்தங்குடிக் கல்லு?" என்று கேட்டேன்.

"அப்பா பேரு போடுற எடத்துல வேற எதப் போடச் சொல்ற? வழுக்காது, சுடாது. அம்மா வெறுங்காலோட நடக்கணும்ல?"

அம்மா அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் கத்தியதற்கு ஒரு பலன் கிடைத்ததே என்று இருந்தது.

புரட்டாசியில் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வெயிலில் கறுத்து, செருப்பெல்லாம் மணலோடு, எங்கள் துறைத் தலைவர் கொடுத்த சீட்டை நீட்டினாள். காய்ந்த செடி அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"இம்புட்டு வெயில்ல வந்துருக்கீக, மொதல்ல தண்ணியக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் பீரோக்களைத் திறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினாள். கடைசியில் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இல்லக்கா" என்று சொல்லி, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "இதைத்தான் தேடுறேன். நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

மணலில் படுத்த தண்டு. வெள்ளை அடியிலை. ஊதாப் பூ.

"இது எள்ளுல்ல?" என்றேன்.

"எள்ளோட சொந்தம். ஆனா இது காட்டுச் செடி. நிமிராது, மணல்லயே படரும். கடல் ஓரம் மட்டும்தான் வரும், உள்நாட்டுல வராது. முன்னாடி இந்தக் கரை நெடுக இருந்திருக்கு. இப்ப நான் மூணு மாசமா நடக்குறேன், ரெண்டே எடத்துலதான் பாத்தேன். அதுல ஒண்ணுல இப்ப ரிசார்ட்டுக்கு வேலி போட்டுட்டாங்க."

"அம்புட்டு நீளக் கடக்கரை கெடக்கே?"

"நீளம் இருக்குக்கா. அகலம் இல்ல." மேசை மேல் விரலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினாள். இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, இறால் பண்ணை, ரோடு. நடுவில் இருக்கிற மணல் மேடுதான் இந்தச் செடிக்கு வீடு. அந்த மேட்டைத்தான் வீடு கட்ட அள்ளுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், சமப்படுத்தி ஏதாவது கட்டுகிறார்கள். "யாரும் வேணும்னு அழிக்கலக்கா. அங்க ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது."

அவள் தலைக்கு நேர் மேலே, பீரோவின் உச்சியில், வாழைப்பழத் தாளுக்குள் அது இருந்தது.

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. அப்பா பெயரில் வருகிற மேடைக்கு இடைஞ்சல் வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. எள்ளுக்கும் காட்டு எள்ளுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இருபத்திரண்டு வருடம் இங்கே என்ன கிழித்தாள் என்று அந்தச் சின்னப் பெண் நினைப்பாளே என்ற வெட்கம் ஒன்று. இல்லை, நான் பார்த்தது சாதாரண எள்ளாகவே இருந்தால் என்ன செய்வது என்ற குழப்பமும் உண்டு. எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. "ஞாபகம் வந்தாச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் தம்பியிடம் போனேன். முழுக்கக் கேட்டான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, கட்டுன்னு சொன்னது நீ. இப்ப கட்டாதங்கிறதும் நீ. நான் எதத்தான் கேக்குறது?"

"கட்டாதன்னு சொல்லலடா. தள்ளிக் கட்டு."

"எங்குட்டுத் தள்ளி?"

நேரில் பார்த்தால்தான் தெரியும் என்றேன். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் காரில் போனோம். ஆராய்ச்சிப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கலாம். எண் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டு, 'உங்கள் செடியை நாங்கள் காப்பாற்றிவிட்டோம்' என்று நல்ல பெயரோடு சொல்லலாம் என்று ஆசைப்பட்டேன். சொல்லாமல் விட்ட பாவத்துக்கும் அது கழுவாயாகிவிடும் என்று ஒரு கணக்கு.

கடற்கரை தை மாதத்தில் பார்த்த மாதிரி இல்லை. மணல் மேடு இடம் மாறியிருந்தது. அடையாளத்துக்கு நான் மனதில் வைத்திருந்த உடைந்த படகை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். கொத்தனார் ஜல்லியையும் செங்கலையும் இறக்கி, மேடைக்குக் கயிறு கட்டிக் குறி போட்டு வைத்திருந்தார். அந்தக் கயிற்றுக்கு உள்ளே, முதல் மழைக்கு முளைத்த பச்சைக் கன்றுகள். முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றும் விரல் நீளம், நாலைந்து இலை. கிள்ளி முகர்ந்தேன். எள் வாசம்.

"இதான்டா!" என்று கத்தினேன். சந்தோசத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொத்தனார் வந்து பார்த்தார். "இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? தெவசத்துல சிந்துன எள்ளு மாதிரியில்ல இருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்றேன். எள்ளைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல். "இது காட்டுச் செடி. உலகத்துலயே ரொம்ப எடத்துல கெடையாது. இதுல ஒரு கால் படக் கூடாது."

"அப்ப மேடைய எங்குட்டு ஒதுக்கணும்?"

சுற்றிலும் பார்த்தேன். தெற்கே பதினைந்து இருபது தப்படி தள்ளி வெற்று மணல். பச்சை என்று ஒன்றும் இல்லை. ஆடு கடித்துப் போட்ட காய்ந்த குச்சி வேர்கள் மட்டும் ஆங்காங்கே மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கடற்கரை நெடுகப் படரும் அடப்பங்கொடிதான் காய்ந்து கிடக்கிறது என்று நினைத்தேன்.

"அங்குட்டுப் போட்டுக்கிருங்க. அங்க ஒண்ணுமில்ல" என்றேன்.

தம்பி தன் கையாலேயே கன்றுகளைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினான். ஒரு அட்டையில் 'யாரும் உள்ளே வரக் கூடாது' என்று எழுதித் தொங்கவிட்டான். திரும்பும் வழியில் தேவகோட்டையில் காரை நிறுத்திக் காபி வாங்கிக் கொடுத்தான். "எப்படியோ, ரெண்டும் தப்பிச்சுச்சு" என்றான். எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. அக்காவும் தம்பியும் அப்படிச் சண்டை இல்லாமல் உட்கார்ந்து பேசி வெகு நாளாகியிருந்தது.

அடைமழைக்கு முந்தி முடிக்க வேண்டும் என்று வேலை மளமளவென்று நடந்தது. கார்த்திகையில் மேடை முடிந்தது என்று தம்பி சொன்ன அன்றுதான் அந்தப் பெண்ணை அழைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், பீரோ மேலே இருக்கும் தாளைத் தவிர. அவள் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். இருவரும் தொண்டி பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா, உங்களைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

கயிறு அப்படியே இருந்தது. அட்டை மழையில் ஊறித் தொங்கியது. உள்ளே கன்றுகள் வளர்ந்து செடியாகியிருந்தன. முழங்கால் உயரம். நுனியில் பூ.

வெள்ளைப் பூ.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றாவது படுத்திருக்கிறதா என்று குனிந்து, மண்டியிட்டு, கையால் இலையை விலக்கி எல்லாம் பார்த்தேன். அத்தனையும் கம்பு நட்ட மாதிரி நிமிர்ந்து நின்றன. மகாளய அமாவாசைக்கு வந்த சனங்கள் சிந்திய எள். எங்கள் வயலில் விளைகிற அதே எள். அதற்குத்தான் நான் வேலி போட்டுக் காவல் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் மேடையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு கல் துடைத்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம், "இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மேடம். கட்டை கட்டையா ஏதோ வேரு. ஆடு கடிச்சுப் போட்டது. மேல காஞ்சு கெடந்துச்சு, தோண்டுனா அடியில கெழங்கு மாதிரி மொத்தமா, பச்சையா. அள்ளிக் கடல் பக்கம் போட்டோம்."

அவள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பா பெயர் வெட்டிய கல்லுக்குப் பக்கத்தில். கீழே ஆத்தங்குடிக் கல், அதிலும் தம்பி தேடிப் பிடித்த பூப்போட்ட கல். "அது வருசம் முழுக்கச் சாகாதுக்கா" என்றாள் மெல்ல. "வெயிலுக்கு மேல காஞ்சிரும். வேர் இருக்கும். நல்ல மழை விழுந்ததும் அதே வேர்லருந்து துளிர்க்கும்."

எனக்கு அப்போது வந்தது அழுகையா, கோபமா என்று தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது? மேடையை அதன் மேலேயே தூக்கி வைத்தவள் நான். கொத்தனார் முதலிலேயே எள் என்று சொன்னார். வாயை அடைத்தவளும் நான். முதலில் குறி போட்ட இடத்திலேயே கட்டியிருந்தால் நாற்பது எள்ளுச் செடி போயிருக்கும், அவ்வளவுதான். நல்லது செய்யப் போகாமல் வீட்டில் கிடந்திருந்தால் அது பிழைத்திருக்கும். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். "இருந்துச்சு" என்றேன். காரைக்குடியில் இறங்கியதும் நேராகக் கல்லூரிக்குப் போனோம்.

ஆய்வகத்தில் விளக்கைப் போட்டு, நாற்காலி மேல் ஏறி, தாளை எடுத்துப் பிரித்தேன். பூ பழுப்பேறியிருந்தது. இலை பாதி உதிர்ந்து தூளாகியிருந்தது. இரண்டு காயும் வாய் பிளந்திருந்தன. விதைகள் தாளின் மடிப்பில் சிதறிக் கிடந்தன. அவள் ஒரு விதையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். வயல் எள் வழுவழுப்பாக இருக்கும், இது சொரசொரப்பாக இருக்கிறது, அதுவாக இருக்கலாம், ஆனால் முளைத்துப் படர்வதைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள். எனக்கு அந்தக் கிளையைப் பார்க்கப் பார்க்க இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. தாளுக்குள் வைத்து அழுத்தினால் எல்லாச் செடியும்தான் படுத்திருக்கும். அது நின்றதா கிடந்ததா என்று இப்போது யாரைக் கேட்பது? நான்தான் நேரில் பார்த்தவள். என் கண்ணை நானே நம்பாத நிலைக்கு வந்திருந்தேன்.

"மருந்து வச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வைக்கல. மறந்துட்டேன்."

முதல் தடவையாக அவள் சிரித்தாள். "நல்ல வேளை. வச்சிருந்தா விதை செத்திருக்கும்." பெரும்பாலானவற்றைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டாள். எட்டை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். என்னிடம் எதற்கு என்று கேட்டேன். தன் தோட்டத்தில் முளைக்காமல் போனால் இங்கேயாவது முளைக்கட்டும் என்றாள். இத்தனைக்கும் பிறகு என்னை நம்பி அதைக் கொடுத்தாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

கடல் மணலைத் தம்பி ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுத்தான். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் பேசினில் நிரப்பி விதைத்தேன். விசயம் தெரிந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எள்ளுச் செடிய வீட்டுக்குள்ள வைக்கிறவ எங்கயாச்சும் உண்டாடி? தெவசத்துக்கு எறச்ச எடத்துலருந்து வேற கொண்டாந்துருக்க. என் கண்ணுல படாமத் தூக்கிட்டுப் போ."

மாடிக்குத் தூக்கிப் போனேன். முழங்கால் போனதிலிருந்து அம்மா மாடிப்படி ஏறியதே இல்லை. எட்டில் இரண்டு முளைத்தன. ஒன்றை ஒரு வாரத்தில் அணில் கடித்துவிட்டது. மற்றது நாலு இலை, ஆறு இலை என்று விட்டது. நேராகத்தான் நின்றது. எந்தக் கன்றும் சிறுசில் நேராகத்தான் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருநெல்வேலியிலிருந்து அந்தப் பெண் அழைத்தாள். அங்கே ஒன்றுகூட முளைக்கவில்லையாம். "உங்களோடது என்னக்கா பண்ணுது?" என்றாள். "நிக்கிது" என்றேன்.

இந்த வருடத் தை அமாவாசையன்று மேடையைத் திறந்தார்கள். அம்மா கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்து போய் உட்கார்ந்தாள். திதி முடிந்ததும், யார் கையையும் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றாள். நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி அழுதுவிட்டான். நானும் அழுதேன். அவன் எதற்கு அழுதான் என்று எனக்குத் தெரியும். நான் எதற்கு அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை.

காரில் வரும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பெயருக்கு அடியில் என்ன போயிற்று என்று.

"அம்புட்டுப் பெரிய கடக்கரையில அதுக்கு வேற எடமா இல்ல?" என்றாள்.

அந்தப் பெண் மேசை மேல் போட்ட இரண்டு கோட்டை நான் காரின் சீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். வீடு வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாவரம் சேகரிக்கக் கொடைக்கானலுக்கு ஏழு நாள் போக வேண்டியிருந்தது. பேசினுக்குத் தண்ணீர் ஊற்றும்படி தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "ஐயய்யோ அக்கா" என்றான். கடைக்குச் சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறானாம், நினைவே இல்லையாம், திரும்ப இன்னும் நாலு நாளாகுமாம். அந்த மணலில், அந்த வெயிலில், மூன்று நாள். நான் அவனைத் திட்டக்கூட இல்லை. போனை வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த அன்று பையைக் கூடத்தில் போட்டுவிட்டு அம்மாவைத் தேடினேன். கட்டிலில் இல்லை. அடுப்படியில் இல்லை. மாடிப்படியில் பாதி வழியில் ஒரு சொம்பு இருந்தது. அடுத்த படியில் தண்ணீர் சிந்திய தடம். ஓடி ஏறினேன்.

அம்மா மாடித் தரையில் இரண்டு காலையும் நீட்டி, பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செடி உயிரோடு இருந்தது. ஒரு சாண் வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டு, பழைய சேலைக் கிழிசலால் அதை மூன்று இடத்தில் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். நான்காவது கட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போன அன்னிக்கிச் சாயங்காலமே வந்து பாத்தேன். அவன் ஊத்தல. அதான் நாந்தான் ஏறி ஏறி ஊத்துறேன்" என்றாள். குற்றம் செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "நான் என்னமும் தப்புப் பண்ணிட்டனாடி? தண்ணி கூடிப்போச்சான்னு தெரியல. மூணு நாளா இப்புடித்தான் சாயுது. நானும் நிமித்தி நிமித்திக் கட்டுறேன், நிக்க மாட்டேங்குது."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தேன். குச்சியைப் பிடுங்கினேன். செடி சாய்ந்து, பேசினின் விளிம்பு வரை நீண்டு, மணலில் படுத்துக்கொண்டது.